மார்ச் 13-க்குப் பலகையில் என்ன எழுதலாம்?

கேள்வி: தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘வரலாற்றில் இன்று’ சொல்வதும் அதை வாசல் கரும்பலகையில் எழுதுவதும் என் பொறுப்பு. செல்போனில் வரும் பட்டியலைப் பார்த்து நாலைந்து நிகழ்ச்சிகளை எழுதுவேன். மார்ச் 13 அன்று யுரேனஸ் கண்டுபிடிப்பு, ரஷ்யப் பேரரசர் கொலை, லண்டனில் உத்தம் சிங் சுட்டது, போப் பிரான்சிஸ் தேர்வு என்று எழுதினேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், “டீச்சர், எல்லாம் வெளியூர்லதான் நடந்திருக்கு. நம்மூர்ல அன்னைக்கு ஒண்ணுமே நடக்கலியா?” என்று கேட்டான். ஒரு பெண், “ஒரே தேதியில இத்தனை நடந்திருக்கே, 13-ங்கிறதாலயா?” என்றாள். போதாததற்கு, ரஷ்யப் பேரரசர் இறந்தது மார்ச் 1 என்று இன்னொரு பட்டியல் சொல்கிறது. தலைமையாசிரியர் இரண்டு நிமிடத்துக்கு மேல் தரமாட்டார். நான் எதை எழுதுவது, எதை விடுவது?

பதில் (பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்):

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லிவிடுங்கள். நடந்தது. சின்ன விஷயமும் இல்லை. 1908 மார்ச் 13, வெள்ளிக்கிழமை அன்று திருநெல்வேலி டவுனில் கடைகள் அடைக்கப்பட்டன. இந்துக் கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். நகராட்சி அலுவலகம், தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன், முன்சீப் கோர்ட் என்று அரசாங்கக் கட்டடமாகத் தேடித் தேடித் தாக்கினார்கள். நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்குக்குத் தீ வைத்தார்கள். போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். உங்கள் பள்ளியிலிருந்து பஸ் ஏறினால் போய் இறங்குகிற ஊர் அது. செல்போன் பட்டியலைத் தயாரித்தவருக்கு அந்த ஊர் தெரியாது. அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. எந்த ஊரில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறார்களோ அந்த ஊர் தெரு அதில் இருக்கும், நம் தெருவை நாம்தான் சேர்க்க வேண்டும்.

பையன் விடமாட்டான், “ஏன் எரிச்சாங்க?” என்று கேட்பான். அதற்கும் தயாராக இருங்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வெள்ளைக்காரர் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டார் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. 1908 பிப்ரவரி கடைசியில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார்கள். தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வும் கிடைத்தது. கப்பல் போட்டியையாவது கட்டணத்தைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். மில் தொழிலாளி தன் பேச்சைக் கேட்காமல் சிதம்பரம் பிள்ளை பேச்சைக் கேட்கிறான் என்பதை அரசாங்கத்தால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்தச் சமயத்தில் வங்காளத் தலைவர் பிபின் சந்திர பால் மார்ச் 9 அன்று சிறையிலிருந்து விடுதலையானார். அதைக் கொண்டாடக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்தார்கள். இவர்கள் மீறிக் கொண்டாடினார்கள். மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். மறுநாள் ஊர் கொந்தளித்தது.

இங்கே இரண்டு இடத்தில் பெரியவர்களே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். வ.உ.சி. முன்னால் நின்று நடத்திய போராட்டம் இது என்று மேடையில் பேசுவார்கள். அவர் அன்று வெளியிலேயே இல்லை, காவலில் இருந்தார். தலைவர் இல்லாமல் ஊர் தானாகக் கிளம்பியது என்பதுதான் அதன் சிறப்பும் அதன் ஆபத்தும். அடுத்தது ஆஷ்; அவர்தான் அப்போது கலெக்டர் என்று நினைத்துவிடுவார்கள். 1908-இல் திருநெல்வேலி கலெக்டர் விஞ்ச் என்பவர். ஆஷ் அப்போது தூத்துக்குடிப் பக்கம் பொறுப்பில் இருந்த இளைய அதிகாரி. பிற்பாடுதான் கலெக்டர் ஆனார். அவரை வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் சுட்டது 1911 ஜூன் 17. ஜூன் மாதப் பலகைக்கு அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே ஜூன் 17 அன்று லண்டனில் ஓட்டுரிமை கேட்டு நாற்பதாயிரம் பெண்கள் ஊர்வலம் போனார்கள், அதில் சேலை கட்டிய இந்தியப் பெண்களும் இருந்தார்கள். இரண்டுக்குமே பின்னணி அந்த வாரம் நடக்கவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. அது ஜூன் 22-இல் நடந்தது. வாஞ்சி தன் சட்டைப்பையில் வைத்திருந்த கடிதத்திலும் அந்த முடிசூட்டு விழாவைப் பற்றிய பேச்சு உண்டு. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது மார்ச்சுக்கு வருவோம்.

அந்தப் பெண் கேட்டது நல்ல கேள்வி. 13 என்பதால் ஒன்றும் நடக்கவில்லை. வருஷத்துக்கு 365 நாள். எழுதி வைத்த வரலாறோ ஆயிரக்கணக்கான வருஷம். எந்தத் தேதியைத் தொட்டாலும் ஒரு கொலை, ஒரு கண்டுபிடிப்பு, ஒரு பட்டாபிஷேகம் தட்டுப்படத்தான் செய்யும். இதை வாயால் சொல்வதைவிட வகுப்பிலேயே செய்து காட்டலாம். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் பிறந்த தேதியை ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பேருக்காவது ஒரே தேதி வர நூற்றுக்கு 89 வாய்ப்பு. 23 பேர் இருந்தாலே பாதிக்கு மேல். கணக்கு டீச்சரைக் கூப்பிட்டால் ஏன் என்று விளக்குவார். அப்புறம், தாத்தா ஆச்சியின் பிறந்த தேதியையும் வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்ட தேதி ஒன்று, வீட்டில் சொல்கிற மாசமும் நட்சத்திரமும் வேறு என்று பாதிப் பேர் வந்து நிற்பார்கள். காகிதத்தில் இருக்கிற தேதி யாரோ ஒருவர் ஒரு காரணத்துக்காக எழுதியது என்பது அவர்கள் வீட்டிலிருந்தே புரிந்துவிடும். உங்கள் ரஷ்யப் பேரரசர் சிக்கலை அவிழ்க்க அது உதவும்.

ஆனால் மார்ச் 13 பட்டியலில் ஒரு ஜோடி மட்டும் வெறும் தற்செயல் இல்லை. திருநெல்வேலியும் உத்தம் சிங்கும். தேதி ஒன்றாக இருப்பது தற்செயல்தான். அந்த நாளை உத்தம் சிங் தேர்ந்தெடுக்கவில்லை, லண்டன் காக்ஸ்டன் ஹாலில் அன்று கூட்டம் இருந்தது, முன்பு பஞ்சாபை ஆண்ட, அவர் சுட்ட மைக்கேல் ஓ'ட்வையர் அங்கே வந்தார், அவ்வளவுதான். ஆனால் இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது. உங்கள் இரண்டு நிமிடத்தையும் நான் அதற்குத்தான் கொடுப்பேன்.

1917 டிசம்பரில் இந்திய அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டது. ராஜத் துரோகச் செயல்கள் எங்கெங்கே நடந்தன, அவற்றை அடக்க என்ன சட்டம் வேண்டும் என்று ஆராய. தலைவர் சிட்னி ரௌலட் என்ற இங்கிலாந்து நீதிபதி. உறுப்பினர்களில் ஒருவர் சென்னை ஐகோர்ட் நீதிபதி சி.வி. குமாரசாமி சாஸ்திரி. 1918-இல் வந்த அவர்களுடைய அறிக்கையில் சென்னை மாகாணத்துக்கு என்று ஓர் அத்தியாயம் உண்டு. அதில் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சிவாவும் பேசிய பேச்சு, மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் நடந்தது, பிறகு மணியாச்சி எல்லாம் வருகின்றன. டவுனில் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் தவிர மற்ற எல்லாப் பொதுக் கட்டடங்களும் தாக்கப்பட்டதாகவும், 27 பேர் தண்டிக்கப்பட்டதாகவும் அந்த அறிக்கை சொல்கிறது. (பத்திரப் பதிவு ஆபீசை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வீட்டுப் பத்திரம், வயல் பத்திரம் எல்லாம் அங்கேதானே இருக்கும்!)

அறிக்கையின் பெரும்பகுதி வங்காளத்தையும் பஞ்சாபையும் பற்றியது. நம் ஊர் அதில் ஒரு சின்ன இடம்தான், அதை ஊதிப் பெரிதாக்க வேண்டாம். ஆனால் இருக்கிறது. அந்த அறிக்கையை வைத்துத்தான் 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது: விசாரணையில்லாமல் ஆளைப் பிடித்து உள்ளே வைக்கலாம். நாடெங்கும் எதிர்ப்பு. அமிர்தசரஸில் ஏப்ரல் 10 அன்று கிச்சலு, சத்யபால் என்ற இரண்டு தலைவர்களைக் கைதுசெய்து ஊரைவிட்டு அனுப்பினார்கள், ஊர் கொந்தளித்தது. தலைவர்களைப் பிடித்தால் ஊர் அடங்கிவிடும் என்ற கணக்கு திருநெல்வேலியில் தப்பிப் பதினொரு வருஷம் ஆகியும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். அரசாங்கக் கணக்குப்படியே 379 பேர் செத்தார்கள். அப்போது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னர் ஓ'ட்வையர். நடந்தது சரி என்று கடைசிவரை பேசியவர். அவரைத்தான் உத்தம் சிங் 1940 மார்ச் 13 அன்று சுட்டார். ஜூலை 31 அன்று உத்தம் சிங்கைத் தூக்கிலிட்டார்கள்.

பலகையில் எழுதும்போது ஒரு ஜாக்கிரதை. சுடச் சொன்ன ராணுவ அதிகாரி டயர் வேறு, கவர்னர் ஓ'ட்வையர் வேறு. டயர் 1927-லேயே இறந்துபோனார். பெயர் ஒரே சாயலில் இருப்பதால், “டயரைக் கொன்ற உத்தம் சிங்” என்று நிறைய இடத்தில் தப்பாக எழுதியிருக்கிறார்கள்.

இனி ரஷ்யப் பேரரசர் விஷயம். உங்கள் இரண்டு பட்டியலுமே சரி. இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்ட அன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தேதி 1881 மார்ச் 1. அதே நாள் லண்டனில் மார்ச் 13. ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் காலண்டரில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது நாம் இப்போது வைத்திருக்கும் கிரிகோரியன் காலண்டருக்கு 12 நாள் பின்னால் ஓடியது, இருபதாம் நூற்றாண்டில் 13 நாள். 1918-இல் புதிய அரசாங்கம் மாற்றியபோது ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14 வந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், பிப்ரவரி 5-இல் பிறந்த பையன்களுக்கு அந்த வருஷம் பிறந்த நாள் போச்சே என்று உடனே கவலைப்படுவார்கள். அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-இல் கொண்டாடியதும் இதனால்தான்.

இது என்னமோ ரஷ்யக் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்துப் பழைய ஓலைகளிலும் பத்திரங்களிலும் கொல்லம் ஆண்டு போட்டிருப்பார்கள். 1908 மார்ச் என்பது கொல்லம் 1083, மாசி முடிந்து பங்குனி பிறக்கும் சமயம். தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கும், கொல்லம் ஆவணியில் பிறக்கும், ஆங்கில வருஷம் ஜனவரியில். யார் வீட்டிலாவது பழைய கிரயப் பத்திரம் இருந்தால் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்; ஆண்டோடு 825-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம் ஏறத்தாழ வந்துவிடும், ஆவணிக்கும் டிசம்பருக்கும் நடுவே என்றால் 824. பலகையில் பேரரசருக்கு நேரே “மார்ச் 13 (ரஷ்யக் காலண்டரில் மார்ச் 1)” என்று எழுதிவிடுங்கள், தீர்ந்தது.

அலெக்சாண்டர் செத்த விதத்தையும் சொல்லலாம், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். முதல் குண்டு வண்டியைத்தான் சேதப்படுத்தியது. அவர் இறங்கி, அடிபட்டவர்களைப் பார்க்க நின்றார். இரண்டாவது குண்டு அவர் காலடியில் விழுந்தது. 1861-இல் பண்ணையடிமைகளை விடுவித்தவர் அவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; கெட்டவன் செத்தான் என்கிற கதை இல்லை இது.

போப் பிரான்சிஸ் தேதியில் இன்னொரு விளையாட்டு இருக்கிறது. 2013 மார்ச் 13 அன்று வத்திக்கானில் போப் தேர்வானதைக் காட்டும் வெள்ளைப் புகை வந்தது சாயங்காலம் ஏழு மணி தாண்டி. நமக்கு அப்போது இரவு பதினொன்றரை. அவர் பெயரை அறிவித்தபோது அங்கே எட்டே கால். இங்கே நள்ளிரவு தாண்டி மார்ச் 14 பிறந்துவிட்டது. பாளையங்கோட்டையில் டிவி முன்னால் விழித்திருந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டது 14-ஆம் தேதி. யேசு சபையிலிருந்து வந்த முதல் போப் அவர். எங்கள் ஊர் சவேரியார் கல்லூரியும் அதே சபையார் நடத்துவது. உலகச் செய்திக்கும் உள்ளூருக்கும் இப்படி ஒரு கண்ணி கிடைத்தால் விடாதீர்கள்.

யுரேனஸை நான் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்ல மாட்டேன், எழுதும் விதத்தை மாற்றச் சொல்வேன். 1781 மார்ச் 13 இரவு வில்லியம் ஹெர்ஷல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில், தன் வீட்டுத் தோட்டத்தில், தானே செய்த தொலைநோக்கி வழியாக அதைப் பார்த்தார் என்பது உண்மை. அவர் பிழைப்புக்குச் செய்தது சங்கீதம். ஆனால் பார்த்தது கிரகம் என்று அவருக்கே அன்று தெரியாது. வால்நட்சத்திரம் என்றுதான் எழுதி வைத்தார். மற்ற வானியலாளர்கள் பாதையைக் கணக்குப் போட்டுப் பார்த்து, கிரகம்தான் என்று ஒத்துக்கொள்ள இன்னும் கொஞ்ச காலம் ஆனது. ஆகவே “யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டது” என்பதற்குப் பதில் “ஹெர்ஷல் ஒரு புதுப் பொருளைக் கண்டார், அது யுரேனஸ் கிரகம் என்று பின்னால் தெரிந்தது” என்று எழுதுங்கள். அறிவியல் டீச்சர் சந்தோஷப்படுவார்.

தலைமையாசிரியரிடம் சண்டை வேண்டாம். இரண்டு நிமிடம் போதும், ஐந்து நிகழ்ச்சிகள்தான் அதிகம். ஒரு நாளைக்கு ஓர் உலகச் செய்தி, ஓர் உள்ளூர்ச் செய்தி. உள்ளூரில் கிடைக்காத நாளில் உலகச் செய்தி ஒன்றே போதும். எதையாவது வம்படியாகப் பிடித்து ஒட்ட வேண்டாம். அடுத்த மார்ச் 13-க்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“1908: வ.உ.சி., சிவா கைதானதற்கு மறுநாள் திருநெல்வேலி மக்கள் எழுந்தனர். போலீஸ் சுட்டதில் நால்வர் இறந்தனர். 1918-இல் ரௌலட் கமிட்டி இதையும் தன் அறிக்கையில் எழுதியது. அந்த அறிக்கையிலிருந்து வந்த சட்டத்தை எதிர்த்த போராட்டத்தின்போதுதான் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. 1940: படுகொலையின்போது பஞ்சாபை ஆண்ட ஓ'ட்வையரை உத்தம் சிங் லண்டனில் சுட்டார்.”

நிதானமாக வாசித்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும். மீதி ஒரு நிமிடம் கேள்விக்கு. கூட்டம் கட்டடங்களை எரித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். டவுனில் இருந்த மிஷன் கல்லூரி மேலும் கல் விழுந்தது. எரித்தது சரியா தப்பா என்று பிள்ளைகள் வாதாடினால் வாதாடட்டும், எட்டாம் வகுப்புக்கு அந்த வாதம் தாங்கும். வழக்கு எப்படிப் போனது என்று யாராவது கேட்டால்: செஷன்ஸ் நீதிபதி பின்ஹே அதே வருஷம் ஜூலையில் வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை கொடுத்தார், மேல்முறையீட்டில் குறைந்தது, 1912 டிசம்பரில் விடுதலையானார். கப்பல் கம்பெனி அதற்குள் மூழ்கிப்போயிருந்தது. ஊருக்கும் தண்டனை உண்டு: கூடுதல் போலீஸ் படையைக் கொண்டுவந்து வைத்து, அதன் செலவை திருநெல்வேலி, தூத்துக்குடி மக்கள் தலையிலேயே வரியாகப் போட்டார்கள்.

இந்த முறையில் இன்னொரு நாளும் செய்து பார்க்க ஆசையிருந்தால் அக்டோபர் 16-ஐ எடுங்கள். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது அந்தத் தேதி. அதற்கு ஆறு வருஷம் முன்னால், 1793-இல், பாரிஸில் மரீ அந்துவானெத் அரசியின் தலையை வெட்டியதும் அதே அக்டோபர் 16. 1905-இல் வங்காளப் பிரிவினை அமலுக்கு வந்ததும் அன்றுதான். 1906-இல் வ.உ.சி.யின் கப்பல் கம்பெனி பதிவானதும் அன்றுதான். 1964-இல் சீனா முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்ததும் அன்றே. ஐந்தில் எந்த இரண்டுக்கு நடுவே உண்மையான நூல் ஓடுகிறது, எவை சும்மா ஒரே தேதியில் விழுந்தவை என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொல்லுங்கள். அந்த எட்டாம் வகுப்புப் பையன் பதில் என்ன சொன்னான் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். கட்டபொம்மனையும் பிரெஞ்சு அரசியையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தால், எப்படிப் போட்டான் என்பதையும் எழுதுங்கள்.